உருளைக்கிழங்கில் வால்துண்டு

நாரின் என்ற மலையூரில் ஏழு பெண்கள் குளிர்காலம் முழுக்க முறை வைத்து விருந்து போடுவார்கள். தன் முறையைத் தட்டிக்கழித்தவளை மறுபடி யாரும் கூப்பிடுவதில்லை. இந்த மாதம் சைராகுலின் முறை. ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். பென்ஷன் அடுப்புக்கரிக்கும் மாவுக்கும் சரியாய்ப் போகும். விருந்துக்கு ஆடு வாங்க வழியில்லை.

"காய்ச்சல்னு சொல்லிடுங்க அத்தே," என்றாள் மருமகள் ரோஸா.

"முறையை விட்டா நிஜமாவே வந்துடும்டி. பாக்க ஆள் வராத கட்டிலுக்குக் காய்ச்சல் லேசுல இறங்காது. வார்டுல பாத்துருக்கேன். போய் உருளைக்கிழங்கைக் கழுவு."

விருந்தன்று ரொட்டியும் தேநீரும் முடிந்தன. கை கழுவ வெந்நீர் ஊற்றினாள் ரோஸா. கறி வரப்போகிறது என்று ஆறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சைராகுல் பெரிய மரத்தட்டைக் கொண்டுவந்து துணியை விலக்கினாள். ஆவி பறக்க அவித்த உருளைக்கிழங்கு, நடுவில் வெண்ணெய்.

ஆறு தலைகளும் தட்டின் மேல் குனிந்தன. சைராகுல் இருப்பதிலேயே பெரியதை எடுத்து, ஆட்டுக்கறியை வயதுப்படி பங்கு வைப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஜிபெக் அக்கா, நீங்கதான் மூத்தவங்க. வால்துண்டு உங்களுக்கு."

எழுபத்தெட்டு வயது ஜிபெக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொழுப்பு கொஞ்சம் கம்மிதான். இருக்கட்டும், கொழுத்த ஆடு என் வயித்துக்கு ஆகறதில்ல."

"தொடையெலும்பு நூரிபாவுக்கு," என்று அடுத்ததை நீட்டினாள் சைராகுல்.

"அதெப்படி?" என்று குறுக்கே கை நீட்டினாள் பத்மா. "நான் இவளுக்கு நாலு மாசம் மூத்தவ. தொடை எனக்கு."

"பாஸ்போர்ட்டைக் காட்டு," என்றாள் நூரிபா, கிழங்கை மடியில் ஒளித்துக்கொண்டு.

சண்டை முற்றியது. போன மாதம் நூரிபா வீட்டில் நிஜ ஆட்டுக்கு இப்படித்தான் அடித்துக்கொண்டார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. இன்று சிரித்ததில் ஜிபெக்குக்குப் புரையேறியது. சைராகுல் பழக்கதோஷத்தில் அவளை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டினாள். கடைசியில் தொடை பத்மாவுக்குப் போனது. தோல் வெடித்த குட்டிக் கிழங்கு இளையவள் ரோஸாவுக்கு.

புறப்படும்போது வழக்கப்படி ஆளுக்கொரு பங்கு துணியில் கட்டிக்கொண்டார்கள். நூரிபா மட்டும் இரண்டு.

பூட்ஸ் மாட்ட சைராகுலின் தோளைப் பிடித்துக்கொண்டாள் ஜிபெக். "அடுத்தது என் முறை. மகன்கிட்ட ஆடு கேக்கணுமேன்னு ஒரு வாரமாத் தூக்கமில்ல. இனி முட்டைக்கோஸ்தான். பங்கு வைக்க நீ சீக்கிரமே வந்துடு."

"வரேன்க்கா. தொடை எதுன்னு இப்பவே முடிவு பண்ணிவைங்க," என்றாள் சைராகுல்.