படத்துக்கு அடித்த துக்கமணி

எழுபதுகளில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தேன். மழைக்காலத்தில் அங்கே சினிமா போட மாதா கோயிலை விட்டால் வேறு இடமில்லை. பீடத்தை மறைத்துத் திரை கட்டுவார்கள். கோயில் மணியடிக்கும் கப்பியார் மட்டும் உட்காரவே மாட்டார். காது மறைய மப்ளர் சுற்றிய ஒல்லியான மனிதர். மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றே படம் பார்ப்பார்.

ஒரு சாயங்காலம் திரையில் கதாநாயகனின் தாய் உயிரை விட்டாள். உடனே தலைக்கு மேலே துக்கமணி விட்டுவிட்டு ஒலித்தது. படம் ஓட்டியவர் பதறி மெஷினை நிறுத்தினார்.

"என்ன கப்பியாரே! படத்துல செத்ததுக்கா மணியடிக்கிறது?" என்றேன்.

"படம்னு தெரியும் சார். ஆனா கோயிலுக்குள்ளதான உசுரு போயிருக்கு. சும்மா நிக்கச் சொல்றீகளா?"

அதற்குள் தொழிலாளர் குடியிருந்த லயங்களிலிருந்து ஆட்கள் மழையில் ஓடி வந்துவிட்டார்கள். "யாரு கப்பியாரே, செத்தது யாரு?"

"ஒரு அம்மா. நம்ம ஊரு இல்ல."

வந்தவர்கள் தலையில் போட்டிருந்த சாக்கை இறக்கிவிட்டு அமைதியாக நின்றார்கள். உள்ளே இருந்த நாங்களும் எழுந்தோம். அவர் விளையாடினாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மீதிப் படத்தைப் போடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.