கண்ணாடி உடைந்த கம்ப்யூட்டர் நானா

தம்புள்ளையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒருவரை, எல்லோரும் நானா (அண்ணன்) என்று கூப்பிடுபவரை, ஒரே ஒரு தடவைதான் சந்தித்தேன். ஒல்லியான ஆள், தடித்த மூக்குக்கண்ணாடி. அன்று எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, "இனிப் பார்க்கலாம்" என்றார்.

நான் காத்திருந்தபோது ஒருவன் மனைவியின் கையை முறுக்கி இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தான். அவன் கொண்டுவந்த லேப்டாப்பில் வைரஸ் எச்சரிக்கையும் அரைகுறை உடைப் படங்களும் மாறிமாறிக் குதித்தன.

"இவதான் கண்டதையும் பார்த்துக் கெடுத்துட்டா. பழையபடி ரீஸ்டோர் பண்ணிக் குடுங்க!" என்று கத்தி, அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

நானா எழுந்து நடுவில் நின்றார். பிறகு லேப்டாப்பைத் துருவிப் பார்த்தார்.

"ரீஸ்டோர் தேவையில்ல. இது வைரஸே இல்ல. சினிமா இறக்குற தளம் ஒண்ணுக்கு நோட்டிபிகேஷன் அனுப்ப யாரோ அனுமதி கொடுத்திருக்காங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"அன்னைக்கு நான் சீகிரியா ஹோட்டல்ல வேலையில இருந்தேன்" என்றாள் அவள்.

அவன் விட்ட குத்தில் நானாவின் கண்ணாடி நொறுங்கியது. மூக்கிலிருந்து இரத்தம் கீபோர்டில் சொட்டியது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து அவனை வெளியே தள்ளினார்கள். நானா திரைக்குக் கிட்டக் குனிந்து, அந்த அனுமதியை நீக்கி, லேப்டாப்பை அவளிடம் கொடுத்தார்.

"இனி இப்படி வந்தா ஒண்ணையும் அமத்தாதீங்க, கிளிக் பண்ணாதீங்க. அந்தப் பக்கத்தை மூடிடுங்க."

அவள் கணவன் போன பக்கமே போனாள்.

"தானா வந்த வைரஸ்னு சொல்லியிருந்தா உங்களுக்கு அடி விழுந்திருக்காதே, நானா?" என்று கேட்டேன்.

"அடுத்த தடவையும் வரும். அதுக்கும் அந்தப் பிள்ளைதானே அடி வாங்கும்?"

அவர் சொன்ன உண்மை அவளைக் காப்பாற்றியதா, வீட்டில் இன்னும் அடி வாங்கவைத்ததா, எனக்குத் தெரியாது. அவள் அறை வாங்கியபோது நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை என்பது மட்டும் தெரியும்.