ஆள் பிடிக்கும் வேன்

வேலை கொடுக்கிறவன் கெஞ்ச, வேலைக்கு வருகிறவர் பிகு பண்ணும் தொழில் என்னுடையது: ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு ஆள் சேர்ப்பது. தையல் லைனில் ஆள் குறைந்தால் முதலில் என் நாற்காலிதான் காலியாகும் என்று மேனேஜர் அன்போடு சொல்லியிருந்தார். வேனோடு ஊர் ஊராக அலையும் சகோதரர்களே, இந்த அன்பு உங்களுக்கும் தெரியும்.

வரப்பில் ஒரு சொற்பொழிவு

வீடு வீடாக அலைய சோம்பல்பட்டு, அணைக்கட்டுப் பக்கம் நடவு நேரம் பார்த்துப் போனேன். பெண்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்களே! பி.எஃப். உண்டு, வேன் உண்டு, நல்ல இடம் கிடைத்தால் யோசிக்காமல் ஏறிவிட வேண்டும் என்று வரப்பில் நின்று முழங்கினேன். பாதி நடவில் செல்வி என்ற பெண் சேற்றுக் கையைக் கழுவினாள். அவள் பின்னால் இன்னும் சிலர். நிலத்துக்காரர் முனுசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, உங்க கம்பெனி ஷூவ நட்டா நெல்லு வெளையுமா?"

சம்பந்தி வீட்டுக் கவலை

செல்வி லைனிலேயே கெட்டிக்காரத் தையல்காரி ஆனாள். உடனே கல்யாணம் நிச்சயமாயிற்று. லைனில் ஒரு ஆள் குறைந்தால் என் நாற்காலி ஆடும். நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மாவிடம், பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அந்த அம்மா பாயசத்தை வைத்துவிட்டுப் பதறினார்.

"நிறுத்தறதா? இன்னா சார் நீங்க, எங்க பையன் இஞ்சினியரிங் முடிச்சிட்டு வேல இல்லாம வூட்லதான இருக்கான்!"

குளுகுளு பஸ்

பிறகு போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ஏசி பஸ் ஆள் ஏற்ற வந்தது. என் வேன் நிற்கும் அதே புளியமரத்தடிக்கு, எனக்குக் கொஞ்சம் முன்னதாக. ஒரு நாள் நான் போனபோது செல்வி படியில் ஒரு கால் வைத்திருந்தாள். கல்யாணத்துக்குக் கம்பெனி கொடுத்த குத்துவிளக்கை எல்லாம் நினைவூட்டினேன்.

"நல்ல எடம் கெடைச்சா யோசிக்காம ஏறிடணும்னு நீங்கதான சார் வரப்புல சொன்னீங்க?"

கேட்டில் சோதனை

லைன் பாதி காலி. மேனேஜர் சொன்ன சொல் தவறாதவர். கடைசி நாள் மனசு நிஜமாகவே வலித்தது. எங்கள் கம்பெனியில் வெளியே போகிறவர் பையில் தோல் துண்டு இருக்கிறதா என்று வாட்ச்மேன் பார்ப்பது வழக்கம். வாட்ச்மேன் வேறு யாருமில்லை, முனுசாமிதான். நடவுக்கு ஆள் இல்லாமல் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வந்தவரை நானே சேர்த்துவிட்டிருந்தேன். என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, பொறுமையாக மூடிக் கொடுத்தார்.

"பாதி நடவுல ஆள் எழுந்து போனா எப்டி இருக்கும்னு இப்ப தெரியுதா சார்?"

ஊரையே வேன் ஏற்றிய நான் இப்போது போன் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறேன், ஏசி பஸ்ஸில், செல்விக்குப் பின் சீட்டில்.