தையல்நாயகியின் இரவல் குரல்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு படத்திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். காலமாகி இருபது வருஷத்துக்கு மேலான ஒரு நடிகை திடீரென்று ஊருக்கு ஞாபகம் வந்து, உத்தர வீதியில் கல்யாண மண்டபம் பிடித்து, படத்துக்கு மாலை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அவர் நடித்த சினிமாவிலிருந்து ஓர் அழுகைக் காட்சியைத் திரையில் காட்டினார்கள். முடிந்ததும் வரதன் சார் மைக்கைப் பிடித்தார். எண்பது வயதிலும் அந்தப் பிடி தளரவில்லை. "அடடா, என்ன சாரீரம்! அந்தக் குரலை மறக்க முடியுமோ? பெருமாளோட அனுக்கிரகம்னா அது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கை தட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அந்த அம்மாவின் குரலே இல்லை. சென்னையில் யாரோ பேசிக் கொடுத்த இரவல் குரல். வரதன் சாருக்கு இது தெரியாதா? மேடையில் பத்து வருஷம் அந்த அம்மாவுக்குப் புருஷனாக நடித்த மனுஷர். என்னத்தைச் சொல்ல!

என் பக்கத்து நாற்காலிக்காரர் அன்று காலைதான் தலைக்குச் சாயம் பூசியிருப்பார் போல. அந்த நெடி மூக்கில் ஏற ஏற, எனக்கு ஒட்டு மீசைப் பசை ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆபீஸ் விட்டதும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்விடுவேன். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளி வகுப்பறையில் எங்கள் நாடகக் குழுவுக்கு ஒத்திகை. அத்தனை பேரும் குமாஸ்தாக்கள். ரெண்டாம் கிளாஸ் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து சமுதாயத்தைத் திருத்துவோம். வரதன் சார்தான் செயலாளர், கதாசிரியர், கதாநாயகன் எல்லாம். எனக்கு முகவெட்டும் கிடையாது, வசனமும் மனசில் நிற்காது. ஆகவே பிராம்ப்டர் ஆக்கினார்கள். படுதாவுக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற உத்தியோகம்.

பெண்ணுரிமை நாடகங்கள்தான் அதிகம் போட்டோம். ஆனால் தங்கள் வீட்டுப் பெண்கள் மேடையேறக் கூடாது என்பதில் அத்தனை புரட்சிக்காரர்களும் ஒரே கட்சி. அதனால் பாலக்கரையிலிருந்து தையல்நாயகி அக்கா வருவார். அவருக்கு மூன்றாவது குழந்தை பிறந்த பிறகும் நோட்டீஸில் 'செல்வி தையல்நாயகி' என்றுதான் அச்சடித்தோம். "திருமதின்னு போட்டா எவன்டா டிக்கெட் வாங்குவான்?" என்பார் வரதன் சார்.

மேடை நடுவில் ஒரே ஒரு மைக் தொங்கும். வரதன் சார் அதைவிட்டு நகரமாட்டார். காதலிப்பதும் அதன் அடியில்தான், சாவதும் அதன் அடியில்தான். அக்கா எங்கேயோ ஓரத்தில் நின்று பேசுவார். கடைசி வரிசையில் கடலை கொறிக்கிறவன் கை பாதியில் நின்றுவிடும். அப்படி ஒரு கணீர். அவருக்கு நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொடுத்ததில்லை. சில சமயம் எனக்கே பக்கம் தப்பிப்போய், அவர் பேசியதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

பிறகு சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். பெயர் டெய்லர் கடை போர்டு மாதிரி இருக்கிறதாம், 'மதுலதா' ஆக்கினார்கள். முப்பத்திரண்டு வயதில் தலைக்கு வெள்ளையடித்து, அவரைவிட மூத்த கதாநாயகனுக்கு அம்மா ஆக்கினார்கள். சரி, தொலையட்டும். குரலையும் பிடுங்கிக்கொண்டார்கள். "இது டிராமாக் கொட்டகை இல்லம்மா, கத்தாதீங்க" என்றாராம் டைரக்டர். மூக்கடைத்தாற்போல் அழும் வேறொரு குரலை ஒட்டினார்கள். அந்த அழுகைதான் நன்றாக ஓடியது.

ஊருக்கு வந்தால் ஒத்திகைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். "மூஞ்சி என்னுது, பேச்சு எவளுதோ. என் படத்தை என்னாலயே உக்காந்து பாக்க முடியல தம்பி. ஒரே ஒரு படத்துல நான் பேசிட்டேன்னா போதும்" என்பார். எப்போது வந்தாலும் இதே பேச்சுத்தான்.

அந்த வேளையும் வந்தது. இரவல் குரல்காரருக்கு நிஜமாகவே ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. மிச்சம் ஒரே ஒரு காட்சி. "நீங்களே பேசிட்டுப் போங்க" என்றுவிட்டார்கள். 'நில்லுடா! சாப்பிட்டுட்டுப் போ.' வசனம் அவ்வளவுதான். அக்கா எங்கள் வகுப்பறைக்கு வந்து அதைப் பேசிக்காட்டினார். 'நில்லுடா'வில் அதட்டல், அடுத்ததில் கெஞ்சல். டீ குடிக்கக் கிளம்பிய வரதன் சார் வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

பாலக்கரையிலேயே படம் வெளியானது. முதல் நாள் மாட்டினிக்கு ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு இருபது பேர் போனோம். பை நிறையக் கிழித்த காகிதம். அக்காவும் முக்காடு போட்டுக்கொண்டு பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியில் அவர் முகம் திரையில் வந்ததுதான் தாமதம், அடித்தோம் பாருங்கள் விசில்! காகிதம் பறந்தது. வரதன் சார் சீட்டு மேல் ஏறி, "நம்ம செல்வி! நம்ம செல்வி!" என்று கத்தினார். நான் அவரைவிட உரக்கக் கத்தினேன். சத்தம் அடங்கிப் பார்த்தால், திரையில் பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம்தான் கேட்டார்.

"தம்பி, கேட்டுச்சா?"

"கணீர்னு கேட்டுச்சுக்கா."

"எனக்குக் கேக்கலியே."

அப்படியே ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பது என்று மறுபடி போனோம். படம் நீளம் என்று முதல் நாளே புகார் வந்து, அந்தக் காட்சிக்குக் கத்தரி போட்டிருந்தார்கள். கதைக்கு அந்தச் சாப்பாடு தேவைப்படவில்லை. அதற்கப்புறம் எந்தப் படத்திலும் அக்காவைப் பேசவிடவில்லை. இரவல் குரல்காரருக்கு ஜலதோஷமும் வரவில்லை.

விழா முடிந்து போண்டா கொடுத்தார்கள். கே.கே. நகரிலிருந்து வந்திருந்த அக்காவின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அம்மா என்னை ஒரு டிராமாவுக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. வீட்டுல மெதுவாத்தான் பேசுவாங்க. மேடையில எப்படிப் பேசுவாங்கன்னே எனக்குத் தெரியாது. கேசட் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"அப்பல்லாம் யாரும்மா பதிவு பண்ணா?"

"நீங்கதானே பக்கத்துலயே நின்னு கேட்டீங்க. ஒரே ஒரு வரி, அவங்க மாதிரி சொல்லிக் காட்டுங்களேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டேன். வகுப்பறை தெரிந்தது. வாசல்படியில் வரதன் சார் தெரிந்தார். அக்கா கட்டியிருந்த கத்தரிப்பூக் கலர் புடவைகூடத் தெரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு "நில்லுடா" என்றேன். மூக்கால் அழுதுகொண்டு வந்தது.

"இது படத்துல வர்ற குரலாச்சே மாமா" என்றாள்.

இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். அதேதான் வந்தது. வரதன் சாரை மனசுக்குள் அத்தனை திட்டு திட்டினேனே, அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. அக்காவின் குரலை நானும் தொலைத்திருக்கிறேன். எப்போது தொலைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை.