வேர்வை நின்ற பிறகு

என் கணவர் மௌத்தாகி, அந்தத் துக்கத்துக்கு நான் இத்தா இருந்தபோது ஊர்ப் பெண்கள் என்னை மெச்சிய அளவுக்கு என் கல்யாணத்தில்கூட யாரும் மெச்சவில்லை. "புருசனுக்காக இப்பிடி உருகுற பொம்புளய நான் காணல்லகா" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் உருகியது உண்மைதான். கழுத்தில் தொடங்கும் வேர்வை வெள்ளைச் சட்டையின் முதுகை நனைத்து இடுப்புவரை இறங்கும். முகம் சிவந்துபோகும். ஒரு காரணமும் இல்லாமல் கண்ணீர் கொட்டும். அதெல்லாம் துக்கம்தானா என்று எனக்கே அப்போது ஒரு சந்தேகம் இருந்தது. வெளியில் சொல்ல முடியுமா?

அப்போது எண்பதுகளின் தொடக்கம். பெரிய சூறாவளியில் விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் ஆளுயரத்துக்கு வந்திருந்த காலம். எனக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஊர்ப்பக்க வழக்கப்படி வீடு மகளுக்குத்தான். மகளைக் கட்டிக்கொடுத்ததும் கல்வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, நானும் அவரும் அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு அறையும் குசினியும் உள்ள சின்ன வீட்டுக்கு மாறினோம். அவருக்குச் சவளக்கடைப் பக்கம் வயல். விதைப்புக்கும் வெட்டுக்கும் போனால் அந்த வயல்வட்டையில் ஓலைக் குடிலாய் ஒரு வாடி கட்டி அங்கேயே கிடப்பார். அந்த வாடியில்தான் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எனக்குச் செய்தி வந்தபோது நான் அவருக்குக் கொடுத்தனுப்ப மாசிச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன்.

இத்தா நாலு மாசமும் பத்து நாளும். வெள்ளை உடுத்து, பிற ஆண்களின் கண்ணில் படாமல் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். தெருப்பக்கச் சன்னலை அடைத்தார்கள். நிலைக்கண்ணாடியைச் சீலை போட்டு மூடினார்கள். அப்படி ஒரு அறையில் சுகமான ஆளுக்கே வேர்க்கும். எனக்கோ மழை பெய்து குளிர்ந்த நாளிலும் வேர்த்தது. வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோலச் சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். நெஞ்சு படபடக்கும். சற்று நேரத்தில் அது அடங்க, நனைந்த சட்டையோடு குளிரில் நடுங்குவேன். தூக்கம் என்பது பேருக்குத்தான். முழங்கால் உளைந்தது. வாயைத் திறந்தால் எரிச்சல்தான் வந்தது.

ஒருவருக்கும் வேறு எண்ணம் வரவில்லை. ஏன் வரப்போகிறது? புருசனை இழந்தவள் தூங்கமாட்டாள், அழுவாள், எரிந்து விழுவாள். எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. என் கணவரின் ராத்தா ஆலிமிடம் ஓதிய தண்ணீர் வாங்கிவந்து, "குடி புள்ள, மனசு ஆறும்" என்று போத்தலோடு நீட்டினார். நல்ல மனசோடு தந்ததைக் குடித்தேன். குடித்துவிட்டும் வேர்த்தேன். ராத்தாவுக்கு அதுவும் பெருமைதான். தன் தம்பியின் மேல் எனக்கு இவ்வளவு பாசமா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். உயிரோடு இருக்கும்போது நான் அவரோடு சண்டை பிடிக்காத நாளில்லை என்பதை ராத்தா மறந்துவிட்டார் போல.

மகள் முதல் கிழமையிலேயே பாயைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விரித்துவிட்டாள். நான் எழும்பி உட்கார்ந்தால் அவளும் எழும்புவாள். முதுகைத் துடைப்பாள், வேறு சட்டை எடுத்துத் தருவாள், ஓலை விசிறியால் வீசிக்கொண்டே கதைப்பாள். அவளுக்குக் கல்யாணமான பிறகு எங்கள் பேச்சு கறி, புளி, பிள்ளையின் சளி என்று சுருங்கிப்போயிருந்தது. இப்போது அவள், வாப்பா மாப்பிள்ளையாக வந்த அன்று எப்படி இருந்தார் என்று கேட்டாள். சேர்வானி இரவல் என்பதால் தோள்பட்டை முழங்கைவரை தொங்கியதைச் சொன்னேன். இத்தா வீட்டில் சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டால் என்ன ஆகும்? இரண்டு பேரும் சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினோம். புருசன் மௌத்தான வருசத்தில் நான் சந்தோசமாக இருந்த நேரம் அதுதான்.

இத்தா முடிந்தது. தலைமுழுகி நிறச்சீலை உடுத்தினேன். வேர்வை முடியவில்லை. மகளுக்குப் பயம் பிடித்துவிட்டது. கல்முனை டவுனில் ஒரு பெண் டொக்டர் பின்னேரங்களில் நோயாளிகளைப் பார்த்துவந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. அவரிடம் கூட்டிப்போனாள். நான் போனது நெஞ்சுப் படபடப்புக்கு. அவர் கேட்டதோ வேறு.

"தொழுகை இல்லாத நாள் வாறது நிண்டு எவ்வளவு காலம் அம்மா?" எங்கள் பெண்களிடம் கேட்டுக் கேட்டு, மாசம் வருவதற்கு எங்கள் சொல்லையே பழகியிருந்தார்.

"அவர் மௌத்தாகிறதுக்கு முந்தியே நிண்டிட்டு டொக்டர்."

"இந்த வேர்வையும் அவர் இருக்கேக்கையே துவங்கினதோ?"

யோசித்துப் பார்த்தேன். அவர் மௌத்தாவதற்கு முந்திய விதைப்புக்காலம். அவர் வட்டையில் இருந்தார். நான் வேர்த்து எழும்பி, கூரைக்குத் தகரம் போட்டதற்காக அவரைத் திட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். "ஓம்" என்றேன்.

"அப்ப இது துக்கமில்லை அம்மா. துக்கத்துக்கு இப்பிடி முதுகு நனையாது." பெண் உடம்பில் ஊறுகிற ஒரு சத்து இந்த வயதில் வற்றிப்போகிறது என்றும், அதைக் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தால் இந்தச் சூடு அடங்கும் என்றும் விளக்கினார். பிறசரைப் பார்த்தார். மார்பைச் சோதித்தார். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா, காலில் இரத்தம் கட்டியதுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாருக்கும் இது ஒத்துக்கொள்ளாது, எனக்குக் கொடுக்கலாம், இடைக்கிடை வந்து காட்ட வேண்டும் என்றார். ஒரு குளிசை தினமும், மாசக் கடைசியில் அதோடு இன்னொன்று. "திரும்பவும் மாசம் வரும். பயப்பிடாதேங்கோ" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் மகள் மருந்துத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப நீங்க அழுததெல்லாம் வாப்பாக்காக இல்லியா உம்மா?"

"அதுவும் இரிந்திச்சி" என்றேன். எது எவ்வளவு என்று எனக்கும் தெரியவில்லை.

குளிசை உடனே கேட்கவில்லை. இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு நாள் விடியலில் சுபஹு பாங்கு காதில் விழுந்து கண் விழித்தேன். முதுகு காய்ந்திருந்தது. பாங்குக்கு முன்னால் ஒரு தடவைகூட எழும்பவில்லை என்பது மெல்லத்தான் உறைத்தது. அப்படியே படுத்துக்கிடந்தேன். அழுகைகூட வந்தது, நன்றியில். போகப் போக நெஞ்சுப் படபடப்பு நின்றது, முழங்கால் உளைவு குறைந்தது, எரிச்சலும் போனது. மாசமும் டொக்டர் சொன்னபடி வந்தது. நான் தொழாமல் இருப்பதைக் கண்ட மகள், "நானும் தொழுகை இல்ல, உம்மாவும் தொழுகை இல்ல, நல்ல சோடி" என்று கேலி பண்ணினாள். அந்தக் கிழமையே பாயைச் சுருட்டிக்கொண்டாள். "இப்ப ஒங்களுக்குச் சுகம்தானே உம்மா. புள்ள நான் இல்லாமத் தூங்கிறானில்ல."

போகவேண்டியவள்தான். நானே பாயைத் தட்டிக் கொடுத்தேன்.

பிறகு மற்றவர்களும் குறைந்தார்கள். நல்லாகச் சாப்பிட்டுத் தூங்குகிற கைம்பெண்ணைப் பார்க்க யார் மினக்கெட்டு வருவார்கள்? ராத்தா ஒருநாள் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்து, "தெளிஞ்சிட்டாய்" என்று மட்டும் சொல்லி, தேத்தண்ணி குடிக்காமல் போனார். அதில் ஒரு குத்தல் இருந்தது. குளிசைக் கதையைச் சொல்லியிருக்கலாம்தான். அந்தரங்கத்தை எப்படி விளக்குவது என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் இல்லை என்பது எனக்கு அதன் பிறகுதான் விளங்கியது. தூக்கம் கெட்டவளுக்குப் பகல் எப்படிப் போகிறது என்றே தெரியாது. நன்றாகத் தூங்கி எழும்பினால் முழுப் பகலும் முன்னால் கிடக்கிறது. வெட்டுக்காலம் வந்தது. தெருவில் ட்ராக்டர் சத்தம் கேட்டது. நெல் மூட்டைகளின் மேல் இருந்துகொண்டே, வீடு வரும் முன்னமே "தண்ணி கொண்டா" என்று கத்துகிறவர் வரவில்லை. மருமகன்தான் மூட்டைகளை இறக்கி முன் வீட்டில் அடுக்கினார். அன்று வேர்க்காமல், நெஞ்சு படபடக்காமல் அழுதேன். பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

ஒரு மாசம் கொழும்பிலிருந்து பார்மசிக்குக் குளிசை வந்துசேரவில்லை. சில நாளில் பழைய சூடு திரும்பிவிட்டது. முற்றத்தில் நின்று நான் சீலைத் தலைப்பால் விசிறிக்கொண்டதை மகள் கண்டாள். அன்றே பாய் வந்தது, விசிறி வந்தது, கதை வந்தது. அவளுடைய வாப்பா அவளை முதன்முதலில் வட்டைக்குக் கூட்டிப்போனதைச் சொன்னாள். எனக்குத் தெரியாத கதை அது. முதுகெல்லாம் நனைய நனையக் கேட்டுக்கொண்டிருந்தேன். குளிசை வந்ததும் அவளே ஓடிப்போய் வாங்கிவந்து, தண்ணீர்க் கோப்பையோடு முன்னால் நின்றாள். விழுங்கினேன். வேறென்ன செய்ய? இதை விழுங்காமல் விட்டால் என்ன என்று ஒரு யோசனை ஓடியதை அவள் அறியமாட்டாள். அந்தக் கிழமை தாண்டுமுன் பாய் முன் வீட்டுக்குப் போய்விட்டது.

அதற்குச் சில மாசம் கழித்து, ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். மகள் கொடியில் காய்ந்த உடுப்புகளை உருவிக்கொண்டிருந்தாள். உடம்பில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முந்திய இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். கேட்டால் என்ன என்று தோன்றியது.

"இண்டைக்கு ராவைக்கு இஞ்ச வந்து படுப்பியா மகள்?"

உடுப்புகளை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு விறுவிறென்று வந்தாள். புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு முதுகில் வைத்தாள்.

"வேர்க்கல்லியே உம்மா! ஏன், குளிசை கேக்கல்லியா?"

அவள் முகத்தில் அவ்வளவு கவலை.

"கேக்கிது மகள்" என்றேன். "நல்லாக் கேக்கிது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, மிச்ச உடுப்புகளையும் எடுத்துக்கொண்டு அவள் தன் வீட்டுக்குள் போனாள்.