வாயிற்காவலன் பொத்தான் போடுகிறான்

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு வில்லை பொருத்துவது அவருடைய தொழில். மாலை நேரங்களில் நாடகக்குழுவுக்காகச் செத்துக் கிடப்பது வழக்கம். மூச்சு விடுவது தெரியாமல் மேடையில் கிடக்க அவரை விட்டால் ஆளில்லை என்பதால், குழுவில் அவருக்குப் ‘பொணம்’ என்றே பெயர். அப்படிப்பட்டவருக்கு ஷேக்ஸ்பியரின் துயர நாடகம் ஒன்றில் முதன்முறையாகப் பேசும் வேடம் கிடைத்தது. மாளிகைக்குள் அரசன் கொலையுண்ட சற்று நேரத்தில் வெளிக்கதவு தட்டப்படுகிறது. போதை தெளியாத வாயிற்காவலன், உள்ளே நடந்ததை அறியாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்து திறக்கிறான். அந்நாடகத்தில் சிரிக்க இடம் அது ஒன்றுதான்.

அவர் தள்ளாடினார், விக்கினார், தூணைக் கட்டிக்கொண்டார். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“பொணமா கெடந்தப்பகூட உங்ககிட்ட இதவிட உயிர் இருந்துச்சு” என்றார் இயக்குநர். கொலை நடந்த வீட்டில் கோமாளித்தனம் எதற்கு என்ற ஐயம் அவருக்கு முன்பே உண்டு. வெள்ளிக்கிழமை ஒத்திகையும் இப்படியே போனால் காட்சியை வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வீட்டில் ‘பொணம்’ குளியலறையில் மீசையைத் திருத்திக்கொண்டிருக்கையில், வேலைக்குக் கிளம்பவேண்டிய மைத்துனன் கதவைத் தட்டினான். வருவதாகச் சொன்னார். மீண்டும் தட்டல்.

“வரேன்னு சொன்னேன்ல? பாதி மீசையோட வரவா?”

கூடத்தில் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு கத்தரி பிடித்த கை அப்படியே நின்றது. சிரிக்கவைக்க அவர் எதையும் செய்யவில்லையே. காவலனும் வேடிக்கை காட்டவில்லை. தூக்கத்தைக் கெடுத்தவன்மேல் அவனுக்குக் கோபம், தன் வாசலுக்குத் தானே அதிகாரி என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

அதுவரை வசனம் முடியும் இடமெல்லாம் பார்த்துத்தான் திரைக்குப் பின்னால் கதவைத் தட்டினார்கள். அவர் அந்த வேலைக்கு மைத்துனனை அழைத்துப்போய், எப்போது பொறுமை போகிறதோ அப்போது தட்டச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவர் தள்ளாடவில்லை. மேலங்கியின் பொத்தான்களை மிகுந்த கவனத்தோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்கினார். தட்டல் விழுந்தது. மரியாதை தெரியாத வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் கதவைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். தட்டல் வலுத்தது. மைத்துனனுக்கு இடம் பொருள் மறந்துபோனது.

“மாமா, கதவத் தெறக்கப் போறீங்களா இல்லையா?”

அரங்கமே அதிர்ந்தது. அவர் திரும்பாமல், காவலனின் குரலிலேயே, “மாமனோ மன்னனோ, பொத்தான் போட்ட பிறகுதான் கதவு” என்றார்.

சிரிப்பு அடங்கிய அமைதியில் அடுத்த தட்டல் இடிபோல் விழுந்தது. கைகளில் சிவப்புச் சாயத்தோடு ஓரத்தில் காத்திருந்த, கொலையில் பங்குள்ள நாயகி, அந்த ஒலியில் தன்னையறியாமல் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.

ஒத்திகை முடிந்ததும் இயக்குநர், காட்சி இருக்கட்டும், மைத்துனர் மட்டும் வாயைத் திறக்கவேண்டாம் என்றார். மேடையருகே வந்து தணிந்த குரலில் கேட்டார்: “தெறக்கறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் இழுக்க முடியுங்களா?”

“தாராளமா இழுக்கலாங்க. அவசரம் அவனுக்குத்தானே, எனக்கென்ன?”