கட்டிலுக்கடியில் ஈரத்துணி

நம்பீகோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நைகாகா ஒருத்தரையும் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. காரணத்துக்கு வயது எட்டு மாதம், பெயர் மிரெம்பே. கைக்குழந்தைக்காரிக்கு விடுதியில் இடம் கிடையாது என்று சேர்க்கைத் தாளிலேயே அச்சடித்திருந்தார்கள். "குழந்தை உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள்.

வாயை அடக்கலாம், மார்பை எப்படி அடக்குவது? பொழுது விடியும் முன்பே எழுந்து, துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு, மார்பை இறுக்கிக் கட்டியிருந்த துணியை அலசிக்கொண்டு வருவாள். வெளியே காயப்போட்டால் கேள்வி வரும். அதனால் கட்டிலுக்கடியில் பெட்டி மேல் விரித்து வைப்பாள்.

அடுத்த கட்டில் காகோயாவுடையது. வேர்க்கடலை வந்தால் பாதியை இவள் கையில் கொட்டுவாள், வகுப்புக்கு இடம் பிடித்து வைப்பாள். இப்படி ஒருத்தி சும்மா நல்லவளாக இருப்பாளா என்று நைகாகாவுக்கு முதல் வாரமே உறுத்தத் தொடங்கியது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முறை வைத்து ஒருத்தி டீச்சராக நிற்க, மற்ற நாற்பது பேரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். நைகாகாவின் முறை வந்தபோது காகோயா அம்மாவைத் தேடும் குழந்தையாகித் தரையில் உட்கார்ந்து அழுதாள். பாவி, அசல் குழந்தை மாதிரியே அழுதாள். நைகாகாவுக்குப் பால் சுரந்து துணி நனைந்தது. கோணிப்பைத் துணியில் வரைந்து சுவரில் மாட்டும் பாடப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டே பாடத்தை முடித்தாள்.

"ஏண்டி, படத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா பாடம் நடத்துவாங்க? அது என்ன உன் புருஷனா?" என்று காகோயா வெளியே வந்து கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நைகாகா சிரிக்கவில்லை. இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று முடிவுகட்டினாள்.

அதன்பிறகு கவனித்தால் எல்லாமே தப்பாகப் பட்டது. விடியற்காலையில் இவள் எழும்போது காகோயாவின் கட்டில் காலி. திரும்பி வந்த பிறகும் காலி. எங்கேடி போனே என்று கேட்டால், "வயிறு சரியில்லை" என்பாள். தினமுமா வயிறு சரியில்லாமல் போகும்? மதியம் இரண்டு தட்டு போஷோக் களி இறங்குகிற வயிறு அது.

ஒரு வியாழக்கிழமை காகோயா குளிக்கப் போயிருந்தாள். அவள் தலையணைக்கடியில் அட்டை கிழிந்த நோட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நைகாகா நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தாள்.

"ந. — மற்றவர்களுக்கு முன்பே எழுதல். தனியாகத் துவைக்கும் இடத்துக்குப் போதல். துணியை அலசி, ஈரத்தோடு கட்டிலுக்கடியில் ஒளித்தல். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தல். யாரோடும் சேராமை."

ந. என்றால் தான்தான் என்று எண்ணி நோட்டை மூடித் தலையணைக்கடியில் செருகினாள். முதலாண்டு மாணவர்கள் கல்லூரியை ஒட்டிய மாதிரிப் பள்ளியில் ஆளுக்கொரு குழந்தையைப் பருவம் முழுக்கக் கவனித்து எழுத வேண்டும், பெயரைப் போடாமல் ஓர் எழுத்தை மட்டும் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? அவள் பெட்டியிலேயே அப்படி ஒரு நோட்டு இருந்தது. பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்று விரிவுரையாளர் சொன்னதை அதன் முதல் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தாள். பயம் வந்தவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்?

அவள் முந்திக்கொள்ளப் பார்த்தாள். நேராக விடுதி வார்டன் நமுகோசேயிடம் போய், "மேடம், காகோயா தினமும் விடியறதுக்கு முன்னாடி வேலி தாண்டிப் போறா. ஒரு நோட்டுல என்னென்னவோ எழுதி வெச்சிருக்கா," என்றாள். காகோயாவைத் துரத்திவிட்டால் அவள் பேச்சு எடுபடாது என்பது கணக்கு.

வார்டன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். நோட்டு மேசைமேல் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மனம்போன இடத்தில் பிரித்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். துவைக்கும் இடம் வந்தது. ஈரத்துணி வந்தது. கட்டிலுக்கடியில் என்று படித்தபோது நைகாகா குறுக்கே பேசினாள்.

"ஆமா மேடம், எனக்குக் குழந்தை இருக்கு. எட்டு மாசம். பால் கட்டிக்குது, வேற என்ன செய்வேன்? இவ என் பின்னாலேயே வந்து எல்லாத்தையும் எழுதிட்டா."

காகோயா வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தாள். வார்டன் முதல் பக்கத்துக்குத் திருப்பி, மெதுவாகப் படித்தாள்.

"ஆண். வயது ஏழு. மாதிரிப் பள்ளி விடுதி. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம்."

 காகோயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நோவான்னு பேரு மேடம். மத்த பசங்க எழுந்து பார்த்தா கேலி பண்ணியே கொன்னுடுவாங்க. துப்பட்டி பெரிசு, அவனால தனியாப் பிழிய முடியல. அதான் போறேன்."

"அனுமதி வாங்கினியா?"

"இல்ல மேடம்."

"ரெண்டு வாரம் நீ வாசலைத் தாண்டக் கூடாது," என்றாள் வார்டன். பிறகு நைகாகா பக்கம் திரும்பினாள். நைகாகா பெட்டி கட்டத் தயாராக நின்றாள். "எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம். நீ என்னமோ சொன்னே, விழல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய்ட்டு வர சீட்டு வேணும்னா வந்து கேளு."

நைகாகா அதையும் நம்பவில்லை. இவள் நாளைக்கு முதல்வரிடம் போய்ச் சொல்லமாட்டாள் என்று என்ன நிச்சயம்?

 விடுதிக்கு வந்ததும் காகோயா கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"என்னை மாட்டிவிட்டுட்டே. சரி, போகட்டும். நாளைக்கு அவன்கிட்ட யார் போவா?"

நைகாகாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. 

"நீ போ. எப்படியும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறியே. வார்டன்கிட்ட நீயே போய் சீட்டு கேளு, உனக்குக் கொடுப்பாங்க."

கேட்டாள். வார்டன் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் விடியற்காலையில், தன் துணியை அலசிவிட்டு நைகாகா மாதிரிப் பள்ளிக்குப் போனாள். அங்கே துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன் குந்தியிருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் துப்பட்டியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். தண்ணீர் அவன் குதிகாலில் சொட்டியது.

"காகோயா டீச்சர் எங்கே? நீங்க யாரு?"

"அவதான் அனுப்பினா."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

அவன் நம்பவில்லை. துப்பட்டியை விடவும் இல்லை. நைகாகாவும் நம்பச் சொல்லிக் கெஞ்சவில்லை. தொங்கிக்கொண்டிருந்த முனையைப் பிடித்து அவள் ஒரு பக்கம் முறுக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் பொறுத்து, அவளையே பார்த்துக்கொண்டு, அவன் மறு பக்கம் முறுக்கினான்.